‘டொக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேம்பல் லேன் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மண்பானை வாங்க வரும் பாட்டிமார் பானையைக் கையில் எடுத்ததும் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் பானை பைக்குள் போகும். ஓசை அடைத்துப்போய் ‘டொப்’ என்று விழுந்தால், எத்தனை அழகாக வண்ணம் பூசியிருந்தாலும் கடைக்காரரிடமே திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

மருத்துவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஆஸ்திரியாவில் சத்திரக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த லியோபோல்ட் ஆவன்பிருக்கர் என்ற மருத்துவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டறியும் முறையை 1761ல் நூலாக வெளியிட்டார். அப்பாவின் சத்திரத்தில் மதுப் பீப்பாய்களைத் தட்டி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்த பழக்கத்திலிருந்து அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1816ல் பாரிஸில் ரெனே லேனெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி இதயத் துடிப்பைக் கேட்டார். அதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம்.

இந்தியாவில் ரயில் நின்றதும் நீளமான சுத்தியலோடு ஒருவர் வந்து பெட்டிகளின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவதை ஊர்ப்பக்கம் பயணம் செய்த பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அவர் தேடியதும் ஒலியில் ஒரு மாற்றத்தைத்தான்.

இத்தனை பேர் காதை நம்பியிருக்கிறார்கள். நம் காரில் ஒரு சத்தம் வந்தால் மட்டும் நாம் வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறோம்!

எங்கள் வீட்டில் இருப்பது நான்கு சக்கரங்களும் இயங்கக்கூடிய ஒரு சின்ன வண்டி. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. வீட்டில் அதற்குப் பெயர் ‘ஜீப்’. ஈசூனில் இருந்து வேலைக்குப் போய்வர அது தேவையே இல்லை என்பது என் மனைவியின் நெடுநாள் வாதம். சிங்கப்பூரில் சேற்றுப் பாதை எங்கே இருக்கிறது? பள்ளி விடுமுறைக்குப் பாலத்தைத் தாண்டி மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் போகும்போதுதான் அந்த வண்டிக்குப் பிறந்த பயன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மகள் பின்னால் உட்கார்ந்து குதித்துக்கொண்டே சிரிக்கும்போது, கொடுத்த காசெல்லாம் வட்டியோடு திரும்பிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

சென்ற ஆண்டு அந்த வண்டியில் ஒரு சத்தம் குடியேறியது. எங்கள் புளோக்கின் பலமாடி கார்நிறுத்துமிடத்தில் வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போது ஒரே ஒரு ‘டொக்’. வண்டிக்கு அடியில் யாரோ உட்கார்ந்து மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியது போல இருக்கும். விரைவுச்சாலையில் வராது. மழை நாளில் குறைவு, வெயில் நாளில் அதிகம் என்று நான் சொன்னேன். அது உன் கற்பனை என்று அப்பா சொன்னார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் என்று எனக்குக் கேட்டது, பின்சக்கரம் பக்கம் என்று மகளுக்குக் கேட்டது.

நேரமும் சரியில்லை. வண்டிக்குப் பத்து ஆண்டு முடிய இன்னும் மூன்று மாதங்கள்தான் இருந்தன. வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிப்பதா, பதிவை ரத்துசெய்து கிடைக்கும் கழிவை வாங்கிக்கொள்வதா என்று முடிவெடுத்தாக வேண்டும். புதுப்பித்தால் அந்தக் கழிவு போய்விடும். மேற்கொண்டு, கடந்த மூன்று மாதச் சான்றிதழ்க் கட்டணங்களின் சராசரியைக் கட்ட வேண்டும். இவ்வளவு பணத்தை ‘டொக்’ என்று சொல்லும் வண்டியில் போடுவதா?

“என்னங்க, செக்பாய்ண்ட்ல முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கான்னுதான் பார்ப்பாங்க. சக்கரம் கழண்டு விழுமான்னு யார் பார்ப்பாங்க?” என்றார் மனைவி. அந்த ஜூன் விடுமுறைக்கு மெர்சிங் கிடையாது என்பது அதற்குப் பொருள்.

முதலில் போன பட்டறையில், “இந்த மாதிரி வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது பட்டறையில் வண்டியைத் தூக்கியில் ஏற்றினார்கள். நான்கு சக்கரங்களையும் பிடித்து உலுக்கினார்கள். இரும்புக் கம்பியை விட்டு மூட்டுகளை நெம்பினார்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. “ஷாக் அப்சார்பர் நாலையும் மாத்திப் பார்க்கலாம்” என்று 1,400 வெள்ளிக்கு விலைப்பட்டியல் கொடுத்தார்கள். ‘மாற்றிப் பார்க்கலாம்’ என்ற சொல்தான் எனக்கு நெருடியது. யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன்.

உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகள்தான் அன்று மாலை ஒரு வழி சொன்னாள். “அப்பா, சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட்ல ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். நாமளும் அப்படியே செய்வோம்.” ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி, இடம், என்ன செய்தபோது, சத்தம் வந்ததா இல்லையா என்று நான்கு கட்டம் போட்டாள்.

காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கினோம். முதல் நாள் வண்டியைக் காலி செய்தோம். ஜாக்கி, கருவிப் பெட்டி, குடை, கதவுப் பையில் கிடந்த சில்லறை, இருக்கைக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வீட்டுக்கு வந்தன. பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரத்தின் நட்டுகளை இறுக்கினேன். ‘டொக்’ அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் எஞ்சின். வண்டியை நிறுத்தி வைத்து, கியர் போடாமல் வேகத்தை ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் தட்டல் எஞ்சின் சுழலும் வேகத்தோடு சேர்ந்து கூடும், குறையும். நின்ற இடத்திலேயே கேட்கும். எங்களுடையது அந்த ரகம் இல்லை என்று தெரிந்ததும் மனத்தில் பாதிப் பாரம் இறங்கியது. பழுதுகளில் பெரிய செலவு வைப்பது எஞ்சின்தான்.

மூன்றாம் நாள் வேகத்தடை மேல் ஏறும்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி சென்றேன். பிரேக் பாகங்கள் தளர்ந்து ஆடினால், இப்படி மிதிக்கும்போது அவை இறுகிச் சத்தம் நின்றுவிடும். நிற்கவில்லை. பிறகு கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பார்த்தேன். எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டுகள் தேய்ந்திருந்தால் அப்போது ஒரு தட்டல் கேட்கும். அதுவும் இல்லை.

நான்காம் நாள், கார்நிறுத்துமிடத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி, சன்னல்களைத் திறந்துவைத்து மெதுவாக ஓட்டினேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓரளவு பிடிபடும். முன்பக்கம் என்று தெரிந்தது. கடைசியாக, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாகத் திருப்பினேன். ‘டொக்’! வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை, சத்தம் வந்துவிட்டது. மகள் அந்த வரியை வட்டம் போட்டு வைத்தாள்.

ஆளாளுக்கு ஓர் இடத்தில் ஏன் கேட்டது? இத்தகைய வண்டிகள் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. காற்றில் போவதைவிட ஏறத்தாழ 15 மடங்கு வேகமாக இரும்பில் ஒலி ஓடும். முன்முனையில் பிறந்த தட்டல் சட்டம் முழுவதும் பரவி, எந்த இடம் நன்றாக அதிர்கிறதோ அங்கே வெளியே வரும். மேல் மாடியில் நாற்காலியை இழுத்தால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கிறோமே, அதே கதைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மளிகை வாங்க லிட்டில் இந்தியா போயிருந்தோம். ஞாயிறு மாலை அந்த வட்டாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோவெல் ரோடு பக்கம் ஒரு சந்தில் வண்டியை நிறுத்த ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினேன். ‘டொக்’.

ஐந்தடிப் பாதையில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தலையைத் திருப்பினார். நான் இறங்கியதும் அருகில் வந்தார்.

“அண்ணே, முன் அச்சுல ஆட்டம் இருக்கே. பார்த்தீங்களா?”

வியப்பில் பேச்சே வரவில்லை. ஊர் எது என்று கேட்டேன். போடிநாயக்கனூர். அங்கே ஒரு ஜீப் பட்டறையில் ஏழு வருடம் வேலை செய்தவராம். தேனி மாவட்டத்திலிருந்து காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்பும் ஜீப்புகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்த்தவர். இப்போது துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை.

“தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?”

“வண்டியைத் தொட மாட்டேன்ணே. என் பெர்மிட் வேற வேலைக்கு. காதால கேட்டுச் சொல்றேன், அதுல தப்பில்ல.”

சாலையோரம் குந்தி உட்கார்ந்துகொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னார். நான்கைந்து முறை கேட்டார். பிறகு அவர் கேட்ட ஒரு கேள்வியில்தான் எங்கள் இரண்டு மாதக் குழப்பம் தீர்ந்தது.

“பட்டறையில தூக்கி வச்சுப் பார்த்தாங்களா, நிக்க வச்சுப் பார்த்தாங்களா?”

தூக்கி வைத்துத்தான் பார்த்தார்கள் என்றேன். சிரித்தார்.

“தூக்கினா அச்சும் சக்கரமும் தொங்கும்ணே. தொங்குற பாரம் மூட்டை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கும். ஆட்டமிருந்தாலும் கம்முனு இருக்கும். நாலு கால்ல நிக்கிறப்பதான் அது வாயைத் தொறக்கும். நிக்க வச்சு, ஒருத்தரு ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருத்தரு அடியில மூட்டு மூட்டாக் கைய வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. எது தட்டுதோ அது கையில அடிக்கும்.”

மனைவி அவரிடம் பத்து வெள்ளி நீட்டினார். வாங்க மறுத்துவிட்டார். “அக்கா, டீ ஒண்ணு சொல்லுங்க போதும்” என்றார். மகள் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது பட்டறை காக்கி புக்கிட்டில். நடத்துபவர் எழுபதை நெருங்கும் சீன அங்கிள். இந்த முறை ‘சத்தம் வருகிறது’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. மகளின் நோட்டைக் காட்டினேன். எஞ்சின் இல்லை, பிரேக் இல்லை, முன்பக்கம், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே வருகிறது, தூக்கினால் ஒளிந்துகொள்கிறது என்று சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “வெரி குட்லா, யுவர் டாட்டர் கேன் வொர்க் ஹியர்” என்றார். வண்டியைச் சக்கரங்களோடு அப்படியே நிற்க வைத்து உயர்த்தும் நான்கு கால் தூக்கியில் ஏற்றச் சொன்னார்.

உதவியாளர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அங்கிள் அடியில் நின்று, நாடி பார்ப்பது போல, ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “ஹியர்!” என்று கூப்பிட்டு என் கையையும் பிடித்து வைத்தார். தோலுக்கடியில் யாரோ சுண்டியது போல இருந்தது.

அது பன்ஹார்ட் ராட் என்று சொல்லப்படும் ஓர் இரும்புத் தண்டு. பிரான்சின் பழம்பெரும் கார் நிறுவனமான பன்ஹார்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இத்தகைய வண்டிகளில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே கனமான அச்சு இணைக்கிறது. சுருள்வில்களின் மேல் சட்டம் ஏறி இறங்கும்போது அந்த அச்சு இடமோ வலமோ விலகாமல் பிடித்துக்கொள்வது இந்தத் தண்டின் வேலை. ஒரு முனை அச்சில், மறுமுனை சட்டத்தில். இரு முனைகளிலும் ரப்பர் புஷ், நடுவே ஒரு போல்ட். எங்கள் வண்டியில் சட்டத்துப் பக்கமிருந்த ரப்பர் கிழிந்து, போல்ட் தளர்ந்து தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு ஒரு மயிரிழை நகர்ந்து இரும்போடு இரும்பு மோதியது. ‘டொக்’ பிறந்த இடம் அதுதான்.

“இதோடு மெர்சிங் போயிருந்தால்?” என்று கேட்டேன். அங்கிள் பதில் சொல்லாமல் போல்ட்டைக் கழற்றி என் கையில் போட்டார். நடுவில் இளைத்துப் போயிருந்தது. அந்த போல்ட் வேகத்தில் போகும்போது முறிந்தால், அச்சு பக்கவாட்டில் விலகும். ஸ்டீயரிங் ஒரு திசை சொல்ல, சக்கரம் வேறு திசை போகும். ‘இந்த மாதிரி வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்’ என்ற வாக்கியத்தின் ஆபத்து அந்த இரும்புத் துண்டில் தெரிந்தது.

புதிய புஷ், புதிய போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. ஷாக் அப்சார்பர்களில் ஒரு குறையும் இல்லை.

இனி சான்றிதழ் விவகாரம். பழைய வண்டியும் பழுதான வண்டியும் ஒன்றல்ல என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு கதையே இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் 1955 செப்டம்பர் 1ஆம் தேதி லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் புறப்பட்டார்கள். பாலைவனம், இந்தியா, பர்மாவின் காடுகள், தாய்லாந்து, மலாயா எல்லாம் கடந்து 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்றான ‘ஆக்ஸ்ஃபர்டு’, பிற்காலத்தில் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் கிடந்து, மீட்கப்பட்டு, செப்பனிடப்பட்டது. 2019 ஆகஸ்ட் 25ஆம் தேதி அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, அந்த டிசம்பரில் லண்டனை அடைந்தது. 1955 பயணத்தில் இருந்த டிம் ஸ்லெசர் என்ற பெரியவர் மறுபயணத்திலும் செல்ல இங்கே வந்தார். உடல்நலம் இடம் கொடுக்காததால் அவருடைய பேரன் அந்த இருக்கையில் அமர்ந்து சென்றார்.

அறுபத்து நான்கு வயது வண்டி கண்டங்களைக் கடக்கும்போது பத்து வயது வண்டிக்கு என்ன என்று நான் வீட்டில் வீரவசனம் பேசினேன். மனைவி கணக்கு நோட்டை எடுத்தார். ஐந்து ஆண்டுப் புதுப்பிப்பு, பத்து ஆண்டுப் புதுப்பிப்பு, கைவிட வேண்டிய கழிவு, பத்து ஆண்டைத் தாண்டினால் சாலை வரியோடு சேரும் 10 விழுக்காட்டுக் கூடுதல் கட்டணம், அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்பது, ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை எல்லாவற்றையும் எழுதினார். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதன்பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதையும் அடிக்கோடிட்டார். அப்போது மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதை எட்டிக்கொண்டிருப்பாள், அதுவரை போதும் என்று ஐந்து ஆண்டுக்கே முடிவு செய்தோம். சத்தத்துக்குப் பயந்து எடுத்த முடிவாகவோ என் ஆசைக்காக எடுத்த முடிவாகவோ அது இல்லை என்பதில் இருவருக்கும் திருப்தி.

உங்கள் வண்டி ஜீப்பாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் காரில் புதுச் சத்தம் வந்தாலும், பட்டறைக்குப் போகுமுன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது வருகிறது, எது செய்தால் நிற்கிறது, எந்தப் பக்கம் கேட்கிறது. ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றினால், சத்தம் நின்றாலும் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். சத்தம் நாளுக்கு நாள் கூடினாலோ, ஸ்டீயரிங் தளர்ந்தது போலத் தோன்றினாலோ, பிரேக் மிதிக்கும்போது வந்தாலோ சோதனையெல்லாம் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். கேட்பது நம் வேலை, கழற்றுவது பட்டறையின் வேலை.

வேலை முடிந்த அன்றே போடிக்காரத் தம்பிக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டவர், “போல்ட்டைத் தூக்கி வச்சு டைட் பண்ணாங்களா, நிக்க வச்சா?” என்றார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளுமாம். அந்த முறுக்கிலேயே ஓடி ஓடிச் சீக்கிரம் கிழிந்துவிடுமாம். பழைய ரப்பரும் அப்படித்தான் கிழிந்திருக்கலாம் என்றார்.

அங்கிளிடம் கேட்டேன். “ஆஃப்கோர்ஸ் ஸ்டாண்டிங்லா!” என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். அதைத் தம்பியிடம் சொன்னேன்.

“அப்ப சரிண்ணே. தைரியமா மெர்சிங் போயிட்டு வாங்க.”